ஒரு சுற்று மஞ்சள்

"அண்ணே, நாப்பத்தி மூணு எடுக்கவா, அம்பத்தஞ்சு எடுக்கவா?"

போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் அச்சகத்தில் மிஷின் ஓட்டும் தம்பி கேட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியிருந்தது. போனஸ் கைக்கு வருகிற நேரம் வேறு. சிவகாசி ஆப்செட் அச்சகம் ஒன்றில் கலர் பார்ப்பது என் வேலை. அதனால் டிவி வாங்கப் போகிறவர்கள் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள்.

"வீட்ல யார் யார் எங்க உக்காந்து பாப்பாங்க?" என்றேன்.

தம்பி முழித்தார். அளவைக் கேட்டால் ஆளைக் கேட்கிறாரே என்று நினைத்திருப்பார். 2022-ல் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. 55 அங்குல டிவி ஒன்றை வாங்கி மாட்டினேன். என் அம்மாவின் கண்ணில் முற்றிக்கொண்டிருந்த புரையை அது ஒன்பது மாதம் மறைத்து வைத்தது. டிவி மறைத்தது என்று எழுதுவதுகூடத் தப்பித்தல்தான். மறைத்தவன் நான்.

சொந்த ஊர் இருக்கன்குடி. சாத்தூரிலிருந்து கிழக்கே ஏழெட்டுக் கிலோமீட்டர். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில். ஆடி கடைசி வெள்ளிக்கு மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக நடந்தே வரும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். கண்ணில் கோளாறு என்றால் எங்கெங்கோ இருந்து எங்கள் ஊருக்குத்தான் வருவார்கள். கோயிலில் தங்கி வயனம் காப்பார்கள். வேண்டுதலுக்குக் கண்மலர் செலுத்துவார்கள். மெல்லிய தகட்டில் அடித்த இரண்டு கண்கள், பூக்கடைத் தட்டுகளில் தேங்காய், பழத்தோடு கிடக்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு நடந்த கதை இது.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த டிவி அரசாங்கம் கொடுத்தது. 2006 தேர்தலில் தி.மு.க. அறிவித்து, அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டம். 14 அங்குல வண்ணப் பெட்டி. அஞ்சு வருஷத்தில் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். ஓசி டிவி என்று கேலி பேசியவர்கள் பேசினார்கள். அதுவரை அடுத்த வீட்டு வாசப்படியில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் கேலி புரிந்திருக்காது. அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிவிட்டு வந்து, பசைக்கிண்ணத்தை மடியருகே வைத்துக்கொண்டு பெட்டி ஒட்டியபடியே நாடகம் பார்ப்பாள். கை தன்பாட்டில் மடித்து ஒட்டிப் போடும். கண் திரையில் இருக்கும். எட்டடி தூரத்தில் அந்தச் சின்னப் பெட்டியில் மாமியார் கண்ணைக் கசக்குவது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

2014 தீபாவளி போனஸில் 32 அங்குலம் வந்தது. அதுவும் போதாது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது 2022 கோடையில். சிவகாசியில் கூட வேலை பார்க்கிறவர் வீட்டுக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். சுவரையே அடைத்துக்கொண்டு 55 அங்குலம். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. அன்று இரவு எங்கள் வீட்டு டிவியைப் பார்த்தபோது, ஆல்பத்தில் ஒட்டிய ஸ்டாம்ப் மாதிரி இருந்தது.

ஆசை எனக்கு. ஆனால் ஆசைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அம்மா கொடுத்தாள்.

அவள் பாய் சுவரோரமாகத்தான் எப்போதும் கிடக்கும். அந்த வருஷம் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தது. சித்திரையில் ஆறடி. ஆடியில் நாலடி. புரட்டாசியில் திரைக்கு நேர் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பாரு, அம்மாவுக்குச் சின்ன டிவி பத்தல" என்றேன் வீட்டுக்காரியிடம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அத்தைக்குப் பத்தலையா, உங்களுக்குப் பத்தலையா?" பதில் சொல்லாமல் டேப்பை எடுத்துச் சுவரை அளக்கப் போய்விட்டேன்.

அளந்தேன் என்றால் சும்மா அளக்கவில்லை. 55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை. சுவரில் நாலடி அகலம் பிடிக்கும். 32-ஐவிடப் படத்தின் பரப்பு மூன்று மடங்கு. பழையது 50 வாட், புதியது 120 வாட். தினம் அஞ்சு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட் எடுத்த இடத்தில் 36 எடுக்கும். 100 யூனிட் இலவசம் போக எந்தப் படியில் நிற்போம் என்றுகூடக் காலண்டர் அட்டையின் பின்னால் கணக்குப் போட்டு வைத்தேன். இத்தனையும் அளந்தவன், அம்மா ஏன் திரைக்குக் கீழே வந்தாள் என்று அவளிடம் கேட்கவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேனில் வந்து இறங்கியது. 43,000 ரூபாய், பத்துத் தவணை. மாட்டி முடித்து ஆன் செய்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டிய கடலும் மலையும் அசத்தின. அப்புறம் எங்கள் கேபிளைச் செருகினோம். முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல வழுவழுவென்று, ஓரமெல்லாம் கரைந்து போய்த் தெரிந்தது.

காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் தொழிலே அதுதான். சாதாரண கேபிள் சானலின் படம் 720-க்கு 576 பொட்டு. பெருக்கினால் நாலு லட்சத்துப் பதினாலாயிரம். ஃபோர்-கே திரையில் 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். சரியாக இருபது மடங்கு. வருகிற ஒரு பொட்டை வைத்துப் பக்கத்தில் பத்தொன்பதை டிவியே யோசித்து நிரப்ப வேண்டும். தீப்பெட்டி லேபிளைக் கொடுத்து, இதையே சினிமா போஸ்டராக அடி என்று எந்தப் பார்ட்டியாவது கேட்டால் சிரித்து அனுப்புவோம். அதைத்தான் நான் நடு வீட்டில் மாட்டியிருந்தேன்.

தூரத்துக் கணக்கும் அப்படியே. கையில் வைத்துப் பார்க்கிற தாளுக்கு அங்குலத்துக்கு 300 பொட்டு கேட்போம். பஸ் ஸ்டாண்டு பிளெக்சுக்கு அதில் கால்வாசி போதும், ஏனென்றால் தள்ளி நிற்கிற கண் அதற்குமேல் பிரித்தறியாது. டிவிக்கும் அதே விதிதான். 55 அங்குலத்தில் ஃபுல் எச்.டி. பொட்டு ஏழடிக்கு அப்பால் தனித்துத் தெரியாது. ஃபோர்-கே பொட்டைப் பிரித்துப் பார்க்க நல்ல கண்ணே மூன்றரை அடிக்குள் போக வேண்டும். டிவி மாட்டிய சுவருக்கும் பாய் வழக்கமாகக் கிடக்கும் இடத்துக்கும் எட்டடி. நான் கூடுதலாகக் காசு கொடுத்த நுணுக்கம் எங்கள் வீட்டில் யார் கண்ணுக்கும் எட்டாது.

ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. அம்மாவின் பாய் பின்னால் போனது. திரைக்குக் கீழிருந்து ஆறடி, பொங்கலுக்குள் பழையபடி சுவரோரம். "எப்படிம்மா இருக்கு?" என்பேன். "நல்லா தெரியுதுய்யா" என்பாள். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டேன். "எங்கம்மா திரைக்குக் கீழதான் உக்காந்திருந்தாங்க, இப்பப் பாருங்க" என்று. வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துவிட்டதால், புரை விழுந்த கண்ணுக்கும் பெரிய உருவங்கள் ஒருமாதிரி பிடிபட்டன. நோய் காட்டிய ஒரே அடையாளம் அந்தப் பாய். அதை 43,000 ரூபாய் கொடுத்து அழித்துவிட்டு ஊர் முழுக்கப் பெருமை பேசினேன்.

மற்ற அடையாளங்களும் இருந்தன. உளுந்தில் கல் பொறுக்க என் மகளைக் கூப்பிட்டாள். மாலையில் எதிரே வண்டி வெளிச்சம் அடித்தால் நின்றுவிடுவாள். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கண்மலர் வாங்கினாள். மகளுக்கு அப்போதுதான் கண்ணாடி போட்டிருந்தோம். பேத்திக்காக என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

2023 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. சிவகாசியில் காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற நாள். அடுத்த வருஷத்துச் சாமி படங்கள் அன்றுதான் வெளியே வரும். மாதிரித் தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அடர் நீலப் பட்டில் அம்மன், எலுமிச்சை மாலை. ஒரு வாரம் லென்சை வைத்துப் பொட்டுப் பொட்டாகப் பார்த்துச் சரிசெய்த நீலம் அது. அம்மாவிடம் நீட்டினேன். தாளை முகத்தருகே கொண்டுபோனாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஏய்யா, அம்மனுக்குப் போயி கருப்புச் சேலையா உடுத்துவாக?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். நீலம். மகளிடம் காட்டினேன். "நீலம்ப்பா" என்றாள். அப்போதுதான் வயிற்றில் என்னமோ செய்தது.

அச்சகத்தில் சேர்ந்த முதல் மாதம் கற்றுக்கொடுப்பது இதுதான். சியான் மேல் மெஜந்தா ஓடினால் நீலம். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் ஓடினால் கருப்பு. தாளில் மஞ்சள் கூடவில்லை. அப்படியானால் கூடியிருப்பது அம்மாவின் கண்ணில். அவள் பார்க்கிற எல்லாவற்றின் மேலும் ஒரு சுற்று மஞ்சள் ஓடிக்கொண்டிருக்கிறது. கலர் பார்த்தே சம்பளம் வாங்குகிற எனக்கு அது தெரியவில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, இடது கண்ணிலும் பாதி வந்துவிட்டது என்றார்கள். எவ்வளவு நாளாக மங்கல் என்று டாக்டர் கேட்டதும் அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "டிவி வாங்குறதுக்கு முந்தியே இருக்கும்மா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"ஆத்தாகிட்டச் சொல்லியிருந்தேன்லய்யா. கண்மலரு வாங்கிப் போட்டேன்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ அம்புட்டு ஆசையா வாங்கிட்டு வந்து மாட்டிருக்க. எனக்குன்னு வேற சொல்லுற. கண்ணே சரியாத் தெரியலன்னு எந்த வாயால சொல்லச் சொல்லுற?"

அதற்கப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை.

1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி எங்கள் கரிசல் மண்ணுக்காரர். எட்டயபுரம் பக்கத்து அயன்வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கப் பழகிப் புரை எடுத்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த உள்விழி லென்சின் விலை ஏழைக்கு எட்டாதிருந்ததால், அதைத் தயாரிக்க 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கப்பட்டது. பார்வை போனவர்களைத் தேடிக் கிராமம் கிராமமாக முகாம் போட்டது அவர் வளர்த்த வழக்கம். கண்ணுக்கு நேர்ந்துகொள்ளும் எங்கள் பக்கத்தில், கண்ணைத் தேடி வருகிற வசதியும் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. அம்மா அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது என்னால்.

ஒரு கண்ணுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே வைத்த லென்ஸ் ஆறு மில்லிமீட்டர் அகலம். பொட்டுக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிசு இருக்கலாம். கட்டைப் பிரித்த மறுநாள் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தவள், டிவியைப் போட்டதும் முகத்தைச் சுளித்தாள். "என்னய்யா இது, இப்பிடிக் கண்ணக் கூசுது? இத்தன நாளு இப்பிடியா ஓடுச்சு?" உச்சத்தில் இருந்த வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்தேன். மெழுகு முகங்களை அன்றுதான் அவளும் பார்த்தாள். "பழசுல நல்லா இருந்துச்சு" என்றாள் யோசனையாக. 32 அங்குலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தது. தவணை முடிய இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. "அப்ப வாங்கலாங்கிறீங்களா, வேண்டாங்கிறீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். வாங்குங்கள் என்றேன். எட்டடித் தூரத்துக்கு, சாதாரண கேபிளுக்கு, 43 தாராளம். ஆனால் ஒரு வாரம் கழித்து வாங்குங்கள். அந்த ஒரு வாரம் டிவியைப் பார்க்காமல், அதைப் பார்க்கிறவர்களைப் பாருங்கள். யாராவது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால், அல்லது சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கடைக்குப் போகிற பஸ்ஸில் ஏறாதீர்கள்.

போன ஆடி கடைசி வெள்ளிக்கு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். கூட்டத்தில் என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள். பூக்கடைத் தட்டில் தகடுகளைப் புரட்டி, ஓரம் மழுங்காத ஒரு ஜோடிக் கண்மலரைத் தானே பொறுக்கி எடுத்தாள்.

"ஆபரேசன்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சேம்மா. இது யாருக்கு?"

"ஒனக்குத்தான்யா" என்றாள். "நாளெல்லாம் லென்ச வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கியே."