முதலில் யாரை எடுப்பது?

ஒரு குடும்பத்திலாயினும் ஒரு சங்கத்திலாயினும் கையிலுள்ள பொருள் சிறிதாகவும் நிறைவேற்ற வேண்டிய தேவைகள் பலவாகவும் இருக்கும்போது, எதை முதலில் செய்வது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்ற கேள்வி எழாமற் போவதில்லை. அக்கேள்வியின் முழுப்பொருள் எனக்கு விளங்கியது ஒரு விளையாட்டின் வாயிலாகத்தான். விளையாட்டென்றால் நம்மவர் மாலைதோறும் ஆடும் காற்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து அமெரிக்கர் ஆடும் காற்பந்து. செம்பனைத் தோட்டத்துக் கிராணி ஒருவனுக்கும் அமெரிக்கக் காற்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டிக்கொள்ளுகிறேன்.

பட்டணத்தில் ஆங்கிலம் வழியே நான் படித்த காலத்தில், விடுதியில் உடன் தங்கியிருந்த மாணவனொருவன் இவ்வாட்டத்தை எனக்குக் கற்பித்தான். விடுமுறைக்கு வீடு வந்தபோது நான் என் அண்ணனுக்குக் கற்பித்தேன். அண்ணன் தோட்டத்தில் குலை வெட்டுபவர். ஆங்கிலம் அறியாதவர். தொலைக்காட்சியில் வர்ணனை செய்வோர் பந்து செல்லுமிடத்தையே பேசுவர். அவர்கள் பேச்சைக் கேட்கும் நானும் பந்தையே பார்ப்பேன். அப்பேச்சு விளங்காத அண்ணனோ பந்து இல்லாத இடங்களைப் பார்த்துப் பழகிவிட்டார். எங்கள் விவாதங்களுக்கெல்லாம் மூலம் இந்த ஒரு வேற்றுமையே என்று இன்று எண்ணுகிறேன்.

நிற்க. அந்நாட்டுத் தொழில்முறைக் காற்பந்துக் கூட்டமைப்பில் 32 அணிகள் உள்ளன. கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களை இவ்வணிகள் ஆண்டுதோறும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராப்ட் என்று பெயர். பிலடெல்பியா அணியின் உரிமையாளரான பெர்ட் பெல் என்பவரின் யோசனைப்படி 1936ஆம் ஆண்டில் இது முதன்முதலாக நடைபெற்றது. முந்திய ஆட்டக்காலத்தில் கடைசியில் நின்ற அணிக்கே முதல் தேர்வு. வாகை சூடிய அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசித் தேர்வு. இப்போது ஏழு சுற்றுகள் நடைபெறுகின்றன. செல்வமுள்ள அணிகளே நல்லாட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொண்டு போகாமல், தாழ்ந்தவர் எழுவதற்கு ஒரு வழியிருக்க வேண்டுமென்பதே இதன் நோக்கம். உலகத்தில் வேறெங்கும் எளிதிற் காணக்கிடையாத நீதி இது!

ஆனால் முதல் தேர்வு கையில் வந்தவுடன் தொல்லையும் உடன் வருகிறது. யாரை எடுப்பது? அணியை நடத்திப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக், அவரே தலைவர். அவர் எறிவதை ஓடிப் பிடிப்போர் சிலர். பந்தைச் சுமந்து ஓடுபவர் ஒருவர். எறிபவருக்கு முன்னே ஐவர் சுவர்போல் நின்று, எதிரணியினர் அவர்மேல் பாயாதபடி தடுப்பர். இவ்வைவர் பந்தை ஏந்தி ஓடுவது அரிது. இவர்கள் பெயரைக் கூட்டம் அறிவது, இவர்கள் தவறும்போதுதான். ஐவரில் இரு கோடியிலும் நிற்பவர்க்கு டேக்கிள் என்று பெயர். வலக்கையால் எறிபவர் இடப்பக்கம் நோக்குவதில்லையாதலால், அப்பக்கத்துக் காவலரை நம்பியே அவருடைய உடம்பு இருக்கிறது. 1985ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வாஷிங்டன் அணியின் ஜோ தீஸ்மன் என்பவர், லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து வீழ்த்தியதில் கால் முறிந்து, அதன்பின் ஆடவே இயலாதவரானார். அந்நிகழ்ச்சிக்குப் பின் காவலரின் அருமையைப் பலரும் பேசலாயினர்.

இனி நானும் அண்ணனும் பல நாட்கள் வாதாடிய செய்திக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டில் சின்சினாட்டி அணி முதல் தேர்வாக ஜோ பர்ரோ என்னும் குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே, எதிரணியினர் மேலே விழுந்ததில் அவருடைய முழங்காலின் தசைநார்கள் அறுந்துபோயின. அடுத்த டிராப்ட்டில் அவ்வணிக்கு ஐந்தாம் தேர்வு வாய்த்தது. எடுக்கத்தக்கவர் இருவர் இருந்தனர். ஒருவர் ஜமார் சேஸ். கல்லூரியில் பர்ரோவின் பந்துகளைப் பிடித்துப் புகழ்பெற்றவர். மற்றவர் பெனே சூவல், அமெரிக்க சமோவாத் தீவில் பிறந்தவர், மலைபோன்ற காவலர். பிடிப்பவரை எடுப்பதா, காப்பவரை எடுப்பதா? அமெரிக்கப் பத்திரிகைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. எங்கள் வீட்டுத் திண்ணையும் பிரிந்தது.

"சேஸை எடுக்க வேண்டும், அண்ணா. புள்ளிகளைச் சேர்ப்பவரே வெற்றி தருபவர். காவலுக்கு 2019ஆம் ஆண்டில் முதற் சுற்றிலேயே எடுத்த ஜோனா வில்லியம்ஸ் இருக்கிறார். ரைலி ரீப் என்னும் அனுபவசாலியையும் இப்போது சேர்த்திருக்கிறார்கள். மற்றக் காவலர்கள் இரண்டாம் சுற்றிலும் கிடைப்பார்கள், சேஸைப் போன்றவர் கிடைக்கமாட்டார்" என்றேன் நான்.

அண்ணன் அவசரப்படவில்லை. "தம்பி, குலை எவ்வளவு நன்றாய்ப் பழுத்திருந்தாலும் லாரிப் பாதை கெட்டுக் கிடந்தால் ஆலைக்குப் போய்ச் சேருமா? வெட்டிய பழம் பாதையோரத்திலே கிடந்து கெடும். அந்தப் பையனுக்குக் கால் போனது, பிடிக்க ஆளில்லாமலா? காக்க ஆளில்லாமல்தானே?" என்றார்.

மழைக்காலத்தில் பாதை இடிந்து, குலைகள் மேடையிலேயே நாட்கணக்கில் கிடந்து, ஆலையில் எண்ணெயின் தரம் குறைந்ததென்று வந்த கடிதங்களைக் கோப்பில் சேர்த்தவன் நானே. ஆயினும் படித்தவனல்லவா? விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "பாதை போடுகிறவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

"பாதை போடுகிறவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் சொல்லுகிறார்கள்" என்று கூறி அண்ணன் எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 30ஆம் நாள் காலை, நம் நேரப்படி, அவ்வணி சேஸை எடுத்தது. ஏழாம் தேர்வில் சூவல் டெட்ராய்ட் அணிக்குச் சென்றார். ஆட்டக்காலம் தொடங்கியது. சேஸ் 81 பந்துகளைப் பிடித்து 1,455 கெஜம் முன்னேறி, அவ்வாண்டின் சிறந்த புது ஆட்டக்காரர் வரிசையில் பரிசும் பெற்றார். முந்திய ஆண்டில் நான்கே ஆட்டங்களில் வென்ற அணி பத்து ஆட்டங்களில் வென்றது. என் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. ஆனால் பர்ரோ பந்தை எறியுமுன் தரையில் வீழ்த்தப்பட்டவை 51 முறை. அவ்வாண்டு அவரளவு வீழ்த்தப்பட்டவர் எவருமில்லை. அந்தக் கணக்கை நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

2022ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் எழுந்து இருவரும் ஆட்டம் பார்த்தோம். டென்னசி அணியினர் பர்ரோவை ஒன்பது முறை வீழ்த்தினர். ஒவ்வொரு முறையும் அண்ணன் தம் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் எழுந்து நிற்கும் வரையில் அசையாமல் இருந்தார். கடைசி உதையில் சின்சினாட்டி 19க்கு 16 என்று வென்றது. நான் துள்ளிக் குதித்தேன். "வென்றார்கள், சரி. இன்னும் எத்தனை நாளைக்கு அவன் விழுந்து விழுந்து எழுந்திருப்பான்?" என்றார் அண்ணன்.

பிப்ரவரி 14ஆம் நாள் இறுதியாட்டம். நான் விடுப்பெடுத்துக்கொண்டு தனியே பார்த்தேன். அண்ணன் வெட்டுக்குப் போயிருந்தார். அன்றும் பர்ரோ ஏழு முறை வீழ்ந்தார். 20க்கு 23 என்று பின்தங்கிய நிலையில் கடைசி வாய்ப்பு வந்தது. சேஸ் தம்மைத் தொடர்ந்தவரை விட்டு விலகித் தொலைவில் தனித்தோடினார். பந்தை அவரிடம் எறிந்திருந்தால் ஆட்டமே மாறியிருக்கலாம். ஆனால் எறிவதற்கு நேரமில்லை. ஆரன் டானல்ட் காவலைப் பிளந்துகொண்டு வந்து பர்ரோவைப் பற்றிச் சுழற்றினார். பந்து எவர் கையிலும் சேராமல் விழுந்தது. நடுப்பகலில் அண்ணன் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பழிக்கவில்லை. "அந்தப் பிள்ளை தனியாய் ஓடிக்கொண்டிருந்தானா? பாவம்" என்று மட்டும் சொல்லிக் கைகால் கழுவச் சென்றார்.

அப்படியாயின் அண்ணன் சொன்னதே சரி, நான் சொன்னது பிழை என்று முடிவு கட்டலாமா? அதுவும் நேர்மையாகாது. சேஸ் 2024ஆம் ஆண்டு ஆட்டக்காலத்தில், பிடித்த பந்துகள், கடந்த தூரம், சேர்த்த புள்ளிகள் ஆகிய மூன்றிலும் பந்து பிடிப்போர் யாவரினும் முதல்வராய் நின்றார். சூவலும் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த காவலர் வரிசையில் இடம் பெற்றார். அவரை வைத்துக் கட்டப்பட்ட டெட்ராய்ட் அணி, பல ஆண்டுகள் தாழ்ந்து கிடந்தபின் இறுதியாட்டத்தின் வாயில் வரை சென்றது. இருவரும் நல்ல தேர்வுகளே. இடத்தின் பெருமையை மட்டும் பார்த்து எடுப்பதும் உதவாது. 2021ஆம் ஆண்டில் முதல் மூன்று தேர்வுகளும் குவார்ட்டர்பேக்குகளே; அவர்களுள் இருவர் மூன்றாண்டு முடிவதற்குள் வேறு அணிகளுக்கு மாற்றப்பட்டனர். அடுத்த ஆண்டு 262ஆம் தேர்வாக, அனைவர்க்கும் கடைசியில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி, சான் பிரான்சிஸ்கோ அணியை 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் இறுதியாட்டத்திற்கே கொண்டு சென்றார்.

எனவே, எந்த இடம் பெரிது என்பதற்கு என்றைக்கும் பொருந்தும் விடை கிடையாது. ஆனால் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. முதலில் யாரை எடுத்தோம் என்பதைவிட, எடுக்காமல் விட்ட இடத்திற்கு அதன்பின் என்ன செய்தோம் என்பதே பெரிது. சின்சினாட்டி சேஸை எடுத்தது குற்றமன்று. இரண்டாம் சுற்றில் ஒரு காவலரை எடுத்ததோடு, சுவர் எழுந்துவிட்டதென்று ஆறுதலடைந்ததே குற்றம். தோல்விக்குப் பின்னரே, 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அனுபவமுள்ள காவலர் மூவரை அது ஒருங்கே கொண்டுவந்தது.

இதை எழுதும்போது என் உள்ளம் விளையாட்டைவிட்டு வேறிடம் செல்லுகிறது. எங்கள் தந்தையார் குலை வெட்டுபவர்; தாயார் உதிரிப் பழம் பொறுக்குபவர். பிள்ளைகள் இருவரில் ஒருவனைத்தான் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப அவர்களால் இயலும். தந்தையார் என்னைத் தேர்ந்தெடுத்தார். மதிப்பெண்கள் எனக்கே அதிகம். அவர் செய்தது பிழையென்று நான் சொல்லமாட்டேன். அண்ணன் 17ஆம் வயதில் அரிவாளும் கழியுமாகத் தோட்டத்துக்குள் நுழைந்தார். என் விடுதிக் கட்டணத்தின் பெரும்பகுதி அவர் கூலியே. நான் முன்னே ஓடினேன். அவர் எனக்குக் காவலாய் நின்றார்.

இன்று மாதந்தோறும் அவர் வெட்டிய குலைகளின் எண்ணிக்கையை ஏட்டில் பதிவு செய்பவன் நானே. ஒரு குலையும் பிசகாது. ஆனால் அக்குலைகளால் வாங்கப்பட்ட என் படிப்பை எந்தப் பத்தியில் எழுதுவது? விட்ட இடத்தை நிரப்புவது தந்தையாருக்குப்பின் என் பொறுப்பாயிருந்தது. அதை நான் ஏற்கவில்லை. மேசைக்குப் பின்னே அமர்ந்துகொண்டு, "பாதை போடுகிறவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவரிடமே வாதாடினேன்!

அண்ணனுக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவள் இவ்வாண்டு ஐந்தாம் படிவம்; இளையவன் வகுப்பில் முதல்வன். தான் பட்டணத்துக் கடையொன்றில் வேலைக்குச் செல்வதாகவும், தம்பி படிக்கட்டுமென்றும் சென்ற மாதம் அவள் கூறினாள். அதைக் கேட்ட அண்ணன் வாய் திறக்கவில்லை. அவர் எதை நினைத்திருப்பார் என்று நான் அறிவேன். மறுநாள் மாலை அவரிடம் சென்று, பெண்ணின் மேற்படிப்புச் செலவு முழுவதும் என்னுடையது என்று தெரிவித்தேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அன்பர்களே, வீடுதோறும் ஒரு தேர்வு நடைபெற்றிருக்கிறது. முன்னே ஓடியவர்களாகிய நாம், நமக்கு முன்னே நின்றவர் யாரென்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக. பார்த்தபின் சும்மா இராமல், அவர்களுக்காக நாம் நிற்க வேண்டிய இடத்தில் போய் நிற்போமாக.