கிடைக்காவல்

மாசி மாதத்து மாலை. மோகனூர்ப் பக்கம் வாய்க்கால் பாசன வயல்களில் நெல்லறுவடை முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. தாள்கள் மட்டும் விரற்கடை உயரத்திற்கு நின்றன. அவற்றுக்கிடையே ஓரிரு பசும்புற்கள் தலைகாட்டின. மேற்கே கதிரவன் சாய, புழுதியைக் கிளப்பிக்கொண்டு செம்மறி மந்தையொன்று வரப்பேறி வந்தது. முன்னே தோளில் தொரட்டியுடன் ஒரு முதியவர், நடுவே ஆடுகள், பின்னே பதினாறு வயதுப் பேரன். எல்லாருக்கும் பின்னால், தனக்கு எந்த அவசரமும் இல்லை என்பதுபோல, கருஞ்செவலை நிறத்து நாயொன்று நடந்து வந்தது. அதன் பெயர் மணி. பட்டிநாய்களுக்குப் பெயர் வைப்பதில் நம் மக்கள் அதிகம் மெனக்கெடுவதில்லை. ஊருக்கு ஊர் ஒரு மணியைக் காணலாம்.

முதியவரும் பேரனும் படல்களை இணைத்துப் பட்டி அடைக்கத் தொடங்கினார்கள். முன்பு மூங்கிற் படல்களே எங்கும் இருந்தன. இப்போது சுமப்பதற்கு எளிதென்று நைலான் வலையைப் பலர் கட்டுகின்றனர். முதியவர் இரண்டையும் வைத்திருந்தார். காற்று வரும் பக்கம் படல், மற்றப் பக்கங்களில் வலை. பால்குடி மறவாத குட்டிகளைக் கூடைகளுக்குள் கவிழ்த்தார்கள். அந்த வேலை முடியும்வரை மணி பட்டிக்கு அருகில் வரவில்லை. வயலின் நான்கு வரப்புகளிலும் நடந்து, ஆங்காங்கே நின்று முகர்ந்து, வாய்க்கால் மதகருகே நெடுநேரம் நின்றது. அந்த நிலத்தை அது படித்துக்கொண்டிருந்தது எனலாம். பிறகு திரும்பி வந்து, பட்டிக்கு வெளியே, படலும் வலையும் சேரும் மூலையில் மும்முறை சுற்றிப் படுத்தது. பட்டியில் வலுக்குறைந்த இடம் அதுதான்.

ஆடுகளை வயலில் இரவு தங்கவைத்து அவற்றின் புழுக்கையாலும் சிறுநீராலும் நிலத்தை உரமேற்றும் இம்முறைக்குக் கிடை போடுதல் என்றும் பட்டி போடுதல் என்றும் பெயர். நிலத்துக்காரர் இத்தனை ஆட்டுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிப் பணமாகவோ தானியமாகவோ கொடுப்பார். மறுநாள் பட்டி பக்கத்துப் பாத்திக்கு நகரும். இப்படி நகர்ந்து நகர்ந்து வயல் முழுதும் எருவேறும். ஆட்டெரு அவ்வாண்டே பலன் தரும், மாட்டெரு மறு ஆண்டுதான் பலன் தரும் என்பது உழவர் வாய்ச்சொல். அள்ளும் கூலியில்லை, வண்டி வாடகையில்லை. உரம் தானே நான்கு காலால் நடந்துவந்து வயலில் விழுகிறது.

இந்த மந்தை மேச்சேரிப் பகுதியிலிருந்து வந்தது. சேலம், நாமக்கல் சமவெளியின் வறண்ட மேட்டு நிலங்களுக்கு உரியது மேச்சேரி ஆடு. இளம்பழுப்பு நிறம், ஒட்டிய குறுமயிர், கொம்பில்லாத தலை. இதன் தோலுக்குப் பதனிடுவோரிடையே தனி மதிப்புண்டு. இவ்வினத்தைப் பேணுவதற்கென்றே மேச்சேரிக்கு அருகில் பொட்டனேரியில் 1978ஆம் ஆண்டு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. கோடை முற்றி, 120 அடிக் கொள்ளளவுள்ள மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிட்டால், பண்ணவாடிப் பக்கம் நீருள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். வெளிப்பட்ட நிலத்தில் புல் துளிர்க்கும். மந்தைகள் அங்கே இறங்கும். நெல்லறுவடைக் காலத்திலோ காவிரியின் போக்கிலேயே தெற்கே நகர்ந்து வாய்க்கால் கரைகளுக்கு வந்து சேரும். முதியவரின் ஆண்டு இந்த இரண்டு நிலங்களுக்கும் இடையே கழிந்தது. வீடு ஒன்று உண்டு. அதில் அவர் உறங்கிய இரவுகளைவிட வானத்தின்கீழ் உறங்கிய இரவுகளே அதிகம்.

வானத்தின்கீழ் உறங்குபவனுக்குச் சுவர் வேண்டும். மணிதான் அந்தச் சுவர்.

மனிதர் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே உணரும். நாயின் செவியோ அதன் இருமடங்குக்கு மேலும் உணரும். மோப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் கூரிய செவியும் மூக்கும் மட்டும் ஒரு நாயைப் பட்டிநாய் ஆக்கிவிடுவதில்லை. கண் திறந்த சில வாரங்களிலேயே அதைக் குட்டிகளோடு விடவேண்டும். ஆட்டின் மூச்சும் வெம்மையும் அதற்குத் தாயின் நினைவோடு கலந்துவிட வேண்டும். அவ்வாறு வளர்ந்த நாய் மந்தையைத் தன் கூட்டமாகவே கொள்ளும். துருக்கி நாட்டின் கங்கால் நாய்களும், பிரான்சு, ஸ்பெயின் எல்லைப் பிரனீசு மலையின் வெண்ணிறப் பெருநாய்களும், இமயச் சாரலில் கத்தி இடையர்களோடு நடக்கும் நாய்களும் இந்த வழியில் வளர்பவையே. ஆட்டை மடக்கி ஓட்டும் நாய் வேறு. ஆட்டோடு கிடந்து காக்கும் நாய் வேறு. முன்னது மேய்ப்பனின் கையசைவைப் பார்க்கும். பின்னது இருளைப் பார்க்கும். மணிக்கு ஏவல் சொற்கள் எவையும் தெரியா. கூப்பிட்டால் வருவதுகூட அதன் விருப்பத்தைப் பொறுத்தே. முதியவர் அதைக் குறையாகக் கருதவில்லை.

இத்தோழமை நேற்று வந்ததன்று. நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்கியது பழந்தமிழ். அதன் குட்டியைக் குருளை என்று சுட்டுகிறது தொல்காப்பிய மரபியல். புலியின் குட்டிக்கும் அதே பெயர்தான். சேலத்திற்கு வடகிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே எடுத்தனூரில் உள்ள ஒரு நடுகல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் போரில் பட்ட வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. வில்லேந்திய வீரனின் உருவத்தருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்வெட்டு தனியே பதிந்துவைத்திருக்கிறது. அரசர்களின் பெயர்களே சிதைந்துபோன கற்கள் எத்தனையோ உண்டு. ஒரு காவல்நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது.

இன்று நாயோடு வெளியில் தங்குதல் என்றால் நகரத்தார் மனத்தில் எழும் காட்சி வேறு. விடுமுறைக்கு ஏற்காட்டுக்குச் செல்வோர் சிலர் தம் செல்லநாயையும் காரில் ஏற்றிக்கொள்கின்றனர். நாயை ஏற்கும் விடுதியா என்று முன்கூட்டியே கேட்டறிகின்றனர். மேலைநாடுகளில் கூடாரம் அடித்துத் தங்கும் திடல்களில் இதற்கென விதிகளே உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாயின் கழுத்துக் கயிறு ஆறடிக்கு மேல் நீளக்கூடாது. நல்ல விதிதான்; பிறருக்கும் காட்டுயிர்க்கும் இடையூறு இல்லை. அங்கெல்லாம் மனிதன் தங்குகிறான், நாய் விருந்தாளியாக உடன் செல்கிறது. கிடையில் நிலைமை தலைகீழ். அங்கே இரவுக்கு உரிமையாளர் நாய். கயிற்றுக்கட்டிலில் கிடக்கும் மனிதன்தான் அதன் பொறுப்பில் விடப்பட்ட விருந்தாளி.

எனினும் நாயை ஏற்பார்களா என்ற கேள்வி இப்போது கிடைக்காரரையும் தேடி வந்துவிட்டது.

முதியவரின் இளமையில் பட்டிக்குப் பகை ஓநாய். சமவெளியில் அது இன்று ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. எஞ்சியிருப்பது நரி. அதன் உறவான வங்காநரியை வாழப்பாடிப் பக்கத்து ஊர்களில் பொங்கலையொட்டிப் பிடித்துவந்து ஓடவிடும் வழக்கம் இருந்தது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம் என்று வனத்துறை தடுத்துவருகிறது. ஓநாய் விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருக்கவில்லை. ஊர்ப்புறத்தில் கொட்டப்படும் இறைச்சிக் கழிவையும் செத்த கோழிகளையும் தின்று பெருகிய தெருநாய்கள் கூட்டங்கூட்டமாக இரவில் பட்டிகளுக்குள் பாய்கின்றன. பசிக்காக மட்டும் கடிப்பதில்லை. ஓடுவதையெல்லாம் துரத்திக் கடிக்கின்றன. மிரண்ட ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூச்சுமுட்டியும் மடிகின்றன. காங்கேயம் பக்கம் இதனால் ஆடு இழந்த உழவர்கள் இழப்பீடு கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடினர். ஓநாய்க்கு எதிராக வளர்க்கப்பட்ட நாய் இன்று தன் இனத்துக்கு எதிராகவே காவல் நிற்கிறது. உருவத்தில் இரண்டுக்கும் வேறுபாடு சிறிது. குருளைப் பருவத்தில் ஒன்றுக்கு ஆட்டுக்குட்டியின் அணைப்புக் கிடைத்தது, மற்றதற்குக் குப்பைமேடு கிடைத்தது.

அந்த வயலுக்கு வரும் முன் வேறோர் ஊரில் கிடைபோடப் பேச்சு நடந்திருந்தது. அங்கே சில வாரங்களுக்கு முன்தான் தெருநாய்கள் பல ஆடுகளைக் கொன்றிருந்தன. நிலத்துக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“ஆடு வரட்டுமுங்க பெரியவரே. நாய் மட்டும் வேண்டாம். ஊர்ல நாயைக் கண்டாலே எல்லாருக்கும் ஆத்திரமா இருக்குது.”

“நாய் வராத எடத்துக்கு ஆடும் வராதுங்க” என்றார் முதியவர்.

அவர் சினந்து பேசவில்லை. நிலத்துக்காரரின் அச்சமும் பொய்யன்று என்பதை அவர் அறிவார். ஊசி போட்ட அட்டையைப் பேரன் எடுத்துக் காட்டினான். நிலத்துக்காரர் அதை வாங்கிப் பார்த்து, மடித்துத் திருப்பித் தந்தார். அன்றிரவு மந்தை சாலையோரப் புறம்போக்கில் தங்கியது. ஒருநாள் கிடைக்கூலி போயிற்று. மறுநாள்தான் இந்த வயல் அமைந்தது.

இரவு களி கிண்டினார்கள். கடைசி உருண்டை மணிக்கு; மோரூற்றிப் பிசைந்து வைத்தார் முதியவர். நிலவு எழ நேரமாகும் இரவு அது. நள்ளிரவு கடந்த பின் மணி ஒருமுறை குரைத்தது. வழக்கமான குரைப்பன்று, அடித்தொண்டையிலிருந்து வந்தது. முதியவர் எழுந்து கைவிளக்கை மதகின் பக்கம் அடித்தார். ஐந்தாறு இணைக் கண்கள் மின்னின. பேரன் கோலெடுப்பதற்குள் மணி இருளுக்குள் பாய்ந்துவிட்டது. உறுமலும் ஊளையும் தாள் முறியும் ஓசையும் கலந்தன. பட்டிக்குள் ஆடுகள் ஒருபுறமாக ஒதுங்கி வலையை நெருக்கின. முதியவர் தம் உடலையே வலைக்கு முட்டாகக் கொடுத்து நின்று, பழகிய சீழ்க்கையை விடாமல் ஒலித்தார். அக்குரல் கேட்டு ஆடுகள் மெல்ல அடங்கின. சிறிது நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. ஓர் ஆட்டுக்குத் தொடையில் காயம். மணியின் இடக்காது கிழிந்து தொங்கியது. கழுத்தில் இரண்டு பற்குறிகள்.

பேரன் சோப்பும் குடமும் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினான். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் அதற்கு மருந்தில்லை. வெளிப்படும் முன் சோப்பும் ஓடுநீரும் தடுப்பூசியும் காக்கும் என்று பள்ளியில் படித்தது அவனுக்கு நினைவிருந்தது. கால்மணி நேரம் விடாமல் கழுவினான். மணி முனகியதே தவிரக் கையைக் கவ்வவில்லை.

“உன் கையில கீறல் இருக்குதா பாரு கண்ணு” என்றார் முதியவர்.

“ஒண்ணுமில்லீங்க அப்பாரு” என்றவன், விளக்கொளியில் பார்த்தபோது பெருவிரலருகே முள் கீறிய பழைய தடமொன்றைக் கண்டான். விடிந்ததும் அவனும் மருத்துவமனைக்குப் போவதென்று முடிவாயிற்று.

காலையில் நிலத்துக்காரர் வந்தார். மிதிபட்ட தாள்களையும் காய்ந்த குருதியையும் பார்த்தபடி வரப்பில் சிறிது நின்றார். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இன்னிக்கு மேலப் பாத்தியில போட்டுக்கலாமுங்களா?” என்று மட்டும் கேட்டார். பிறகு தம் இருசக்கர வண்டியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொடுத்தார். மணியைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்துப் பேரனும் நிலத்துக்காரரின் மகனும் போய்வந்தார்கள்.

முன்பே தடுப்பூசி போட்ட நாயானாலும் கடிபட்டால் மீண்டும் ஊசி போட வேண்டும், சில வாரங்கள் தனியே கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். பேரனுக்கும் மருத்துவமனையில் முதல் ஊசி போட்டாயிற்று; அடுத்தவை விழும் நாள்களை அட்டையில் எழுதித் தந்திருந்தார்கள். மணியைக் கட்டக் கயிறு தேடினார் முதியவர். பட்டியில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதுவும் நாய்க்கென்று வாங்கியதல்ல. கூடை கட்டும் கயிறொன்றை இரட்டையாக முறுக்கி, கழுத்துக் காயத்தில் படாமல் மார்போடு சேர்த்துக் கட்டி, மறுமுனையை வரப்போரத்து வேப்பமரத்தில் பிணைத்தார். அதன் வாழ்நாளில் அது முதற்கயிறு.

வெயில் ஏறுமுன் மந்தை மேய்ச்சலுக்குப் புறப்பட்டது. முதியவர் முன்னே நடந்தார். பாதி ஆடுகள் வரப்பைக் கடந்தபின், பின்னால் வந்த கிடாய் ஒன்று நின்றது. அதைப் பார்த்து மற்றவையும் நின்றன. முதியவர் சீழ்க்கையடித்தார். ஆடுகள் நகரவில்லை, தலையைத் திருப்பி வேப்பமரத்தைப் பார்த்தன. மரத்தடியில் மணி எழுந்து, கயிறு விட்ட அளவுக்கு முன்னே வந்து நின்றது.

முதியவர் தொரட்டியைப் பேரன் கையில் கொடுத்துவிட்டு, மந்தையின் பின்புறத்துக்கு வந்து நடக்கத் தொடங்கினார்.