பொன்னும் விதையும்

அணிகலன் என்றதும் நமது சிந்தை பொன்னையே நாடுகின்றது. ஆயின் தமிழர் பூண்ட அணிகள் யாவும் பொன்னால் மட்டும் ஆனவையல்ல. சங்க இலக்கியம் சிறுவர் கழுத்திற் கிடந்த புலிப்பற்றாலியைக் காட்டுகின்றது. சிலப்பதிகாரத்திலோ இரு சிலம்புகளின் வேறுபாட்டைப் புறத்தே தெரிந்த பொன்வேலை உணர்த்தவில்லை. உள்ளே கிடந்த பரல்களே உணர்த்தின. கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது சிப்பி ஈன்ற முத்து. பல், முத்து, சங்கு, விதை என்பன உயிர்கள் தந்தவை. பொன்னோ நிலத்தினின்றும் எடுத்து நெருப்பிலே தூய்மை செய்யப்படுவது. தானாக விளைந்ததும் மனிதன் பண்படுத்தியதும் ஓரணியில் எவ்வாறு இசைகின்றன? இவ்வினாவுக்கு, எம்மிடையே சைவர் அணியும் பொன்கட்டிய உருத்திராக்கக் கண்டிகை தக்க விடை தருமென நான் கருதுகின்றேன்.

உருத்திராக்கம் நேபாளத்து மலையடிவாரங்களிலும் யாவாத் தீவிலும் விளையும் மரமொன்றின் விதை. நீலத்தோல் போர்த்த பழத்தின் சதையை நீக்கினால் கரடுமுரடான கொட்டை வெளிப்படும். அதன் மீது நெடுக ஓடும் கோடுகளைக் கொண்டே முகங்களை எண்ணுகின்றோம். ஐந்து முகமுடையதே மிகுதியாகக் கிடைப்பது. கழுத்துக்கு 32, மார்புக்கு 108 எனக் கணக்கிட்டு, முகத்தோடு முகமும் அடியோடு அடியும் பொருந்தக் கோத்தல் மரபு. ஒரே மரத்துக் கொட்டைகளாயினும் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. பொற்கொல்லரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது.

தூய பொன் 1064 பாகை செல்சியசில் உருகும். நகைக்குரிய 22 கரட் பொன்னில் 24 பங்குக்கு 22 பங்கே பொன். எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். பொன்னோடு பொன்னை ஒட்டும் பொடி அதனினும் குறைந்த வெப்பத்தில் உருகும். எனினும் அந்த வெப்பமே விதையைக் கரியாக்கப் போதுமானது. ஆகவே நெருப்பு வேலை முழுவதும் விதை வருவதற்கு முன்னரே முடிந்துவிடல் வேண்டும். தகட்டை வட்டமாக வெட்டி, குழியச்சில் வைத்துத் தட்டிக் கிண்ணமாக்கி, விளிம்பிலே கம்பியை வெண்காரமிட்டு ஊதி ஒட்டி, புளியிலே கழுவி மெருகிட்ட பின்னரே மணி கையிலெடுக்கப்படுகின்றது. இருபுறமும் கிண்ணங்களைப் பொருத்தி, துளையினூடே பொற்கம்பியைச் செலுத்தி, முனைகளைக் குறட்டினால் வளைத்துவிடுவர். அவ்வேளையில் ஊதுகுழலுக்கு அங்கு இடமில்லை.

எனது அப்பப்பாவிடம் அத்தகைய கண்டிகை ஒன்று இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது அதுவும் உடன் சென்றது. இடம்பெயர்ந்த வாழ்வு நீண்டமையால், அப்பாச்சி கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்று அரிசியும் மருந்தும் வாங்கினாராம். விதைகளுக்கு எவரும் விலை கேட்கவில்லை. அவற்றை அவர் நூலிற் கோத்துக் கொடுக்க, அப்பப்பா இறுதிவரை அணிந்திருந்தார். இன்று அவை என் தந்தையின் கழுத்தில் உள்ளன.

அவற்றுக்கு மீண்டும் பொன் கட்டுவிக்கத் தந்தை விரும்பினார். நாங்கள் முதலிற் சென்ற கடையில், இயந்திரத்தில் வார்த்த ஒரே அளவான கிண்ணங்களைக் காட்டினர். விலை குறைவு, ஆனால் அவற்றுள் அடங்குமாறு மணிகளின் முனைகளை அராவ வேண்டும் என்றனர். பின்னர் நாங்கள் கண்ட முதியவரான பத்தர் ஒருவர் மணிகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "பொன்னை எவ்வளவும் அராவலாம் தம்பி, திரும்ப உருக்கலாம். இதை அராவினால் போனது போனதுதான்" என்றார். மணிக்கு மணி அளவெடுத்து 64 கிண்ணங்கள் செய்வதற்கு அவர் கேட்ட பொன்னும் கூலியும் எங்கள் வசதிக்கு அப்பாற்பட்டவை.

அவர் கூற்றை நான் பலநாள் எண்ணியதுண்டு. உயர்ந்தது தாழ்ந்ததைத் தனக்கேற்பத் திருத்துவதே பண்படுத்தல் என நாம் நினைக்கின்றோம். கிராமத்துப் பாடலைப் பதிவு செய்யச் செல்லும் கலைப்பீட மாணவர்க்கும், அதன் சொற்களை அராவி இலக்கணக் கிண்ணத்துள் அடக்கும் ஆசை எழுவதுண்டு. பட்டறையின் நியதியோ இதற்கு மாறானது. மீண்டும் உருகி வேறுருக் கொள்ளும் ஆற்றல் பொன்னுக்கே உரியதாதலின், வளைந்து கொடுக்கும் கடனும் அதற்கே உரியது. விதை அணிபவரின் வியர்வையையும் எண்ணெயையும் ஏற்று ஆண்டுதோறும் கருமையடையும், வறண்டால் வெடிக்கும். பொன் மாறாது நின்று, அதன் முனைகளைச் சிதையாது காக்கும். அழகு இவ்விரண்டின் வேறுபாட்டிலேயே பிறக்கின்றது. வேறுபாட்டை அராவி நீக்கினால் எஞ்சுவது பொன்னின் பளபளப்பு மாத்திரமே.

தந்தை இரு முனைகளிலும் உள்ள மணிகளுக்கு மட்டும் அம்முதியவரைக் கொண்டே பொன் கட்டுவித்தார். ஏனைய முப்பதும் நூலிலேயே கிடக்கின்றன. வசதி வரும்போது ஒவ்வொன்றாகக் கட்டலாம். அதற்காகக் காத்திருப்பதால் விதைகளுக்கு யாதொரு குறையுமில்லை.