புள்ளி வைக்காத எக்ஸ் ஐம்பது

சிஎன்சி லேத்தின் பேனலில் ஒரு சின்னச் சாவித் துவாரம் இருக்கும். சாவியைத் திருப்பினால்தான் புரோகிராமில் கை வைக்க முடியும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துச் சிறிய மெஷின் ஷாப்களில் அந்தச் சாவி பெரும்பாலும் சூப்பர்வைசரின் சட்டைப்பையில் கிடக்கிறது. ஆபரேட்டர் ஜாப்பை சக்கில் மாட்டுவார், கதவைச் சாத்துவார், சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்துவார், கழற்றி அளப்பார். ஷிஃப்ட் முடியும்வரை இதுதான்.

சாவி வைத்திருப்பவரைக் குறை சொல்லவும் வழியில்லை. ஃபானக் கன்ட்ரோல் உள்ள பல மெஷின்களில் ‘எக்ஸ்50.’ என்று புள்ளியோடு அடித்தால் 50 மில்லிமீட்டர். புள்ளி விட்டுப்போனால் அது 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஜாப்புக்கு வெளியே நிற்க வேண்டிய டூல் மையத்தை நோக்கிப் பாயும். இன்சர்ட் மட்டும் உடைந்தால் தப்பித்தோம். டரட் போய் சக்கில் மோதினால் மெஷின் நாள்கணக்கில் படுத்துவிடும்.

இப்படிப்பட்ட மெஷினில் யார்தான் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

புதுகும்மிடிப்பூண்டியில் மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு வாடகை அறையில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்த ஓர் இளைஞர், பழைய லேப்டாப்பில் லினக்ஸ்சிஎன்சியை ஏற்றி வைத்திருக்கிறார். மெஷின் எதுவும் இணைக்காமலே பாவனையாக ஓடும் வசதி அதில் உண்டு. புரோகிராமை ஜி-கோடில் அடித்தால் டூல் போகும் தடம் திரையில் கோடாக விழுகிறது. தப்பாக அடித்தால் கோடு தப்பாக விழும், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று டூலை ஜாப்புக்குள் இறக்கிக் காட்டிச் சிரித்தார்.

இந்த மென்பொருளின் பூர்வீகம் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட். 1990களில் அங்கே உருவான கன்ட்ரோலர் மென்பொருள் பொதுச் சொத்தாக வெளியானது. பிறகு உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். விலை கிடையாது, பூட்டும் கிடையாது.

தமிழிலும் துணை இருக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழில் இரா. அசோகன் ‘எளிய தமிழில் கேட், கேம், சிஏஇ’ என்று ஒரு தொடரே எழுதியிருக்கிறார். தமிழில் கணினி நூல் என்றாலே அலுவலக மென்பொருள்தான் என்றிருந்த காலத்தை நினைத்தால், லேத் ஓட்டுகிறவருக்கான இந்த எழுத்து சாதாரண விஷயமில்லை.

ஆனால் படித்தால் மட்டும் வந்துவிடாது. கேட்க ஆள் வேண்டும். அந்த இளைஞரின் போனில் சீனியர் செட்டர்களும் புதிய ஆபரேட்டர்களும் கலந்திருக்கும் ஒரு குழு இருக்கிறது. கேள்வி கேட்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு: முழு புரோகிராம், அலாரம் எண், ஆஃப்செட் பக்கத்தின் போட்டோ. மூன்றும் இல்லாவிட்டால் பதில் வராது. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் காலை டீயோடு பதில் போடுகிறார்கள். சரியான புரோகிராமை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. “டிரை ரன் போட்டியா? சிங்கிள் பிளாக்ல ஓட்டிப் பாத்தியா?” என்பதே முதல் பதில்.

புள்ளி விஷயம் அவருக்குப் பிடிபட்டதும் இந்தக் கேள்விகளால்தான். லினக்ஸ்சிஎன்சி புள்ளியைப் பற்றிக் கவலைப்படாது. எக்ஸ்50 என்றால் அதற்கு 50 மில்லிமீட்டர்தான். அறையில் அழகாக ஓடிய புரோகிராமைப் பார்த்த சீனியர் ஒருவர், எண்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைக்கச் சொன்னாராம். திரை சொல்லித் தராதவை இன்னும் எத்தனையோ. இன்சர்ட் மழுங்குவதைச் சத்தத்திலேயே சொல்லிவிடும் காது எந்த சிமுலேட்டரிலும் கிடைக்காது.

அறைத் தோழர் ஒருவர் வேறு வழியில் போகிறார். மூர் மார்க்கெட்வரை மின்சார ரயில், அங்கிருந்து ரிச்சி தெரு. அர்டுயினோ ஊனோ பலகையும் ஸ்டெப்பர் மோட்டார்களும் வாங்கிவந்து, பேனா பிடித்து வரையும் ஒரு குட்டி மெஷின் கட்டியிருக்கிறார். உள்ளே இருப்பது 2009இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கிய கிரபிள். ஊனோவின் வெறும் 32 கேபி நினைவகத்தில் அடங்கிவிடும் கட்டற்ற மென்பொருள் அது. அதில் சிக்குக் கோலம் போட்டுப் பார்த்தபோதுதான் ஜி02, ஜி03 வளைவுகளும், வட்ட மையத்தைக் குறிக்கும் ஐ, ஜே எண்களும் அவருக்கு மண்டையில் ஏறியிருக்கின்றன.

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும் ஒப்பந்த ஆபரேட்டர் எந்த வகுப்புக்கு நேரத்தில் போய் உட்காருவார்? இவர்களின் படிப்பு பி ஷிஃப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் நடக்கிறது.

லேப்டாப்காரர் இப்போது மேக்ரோவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஷாப்பில் ஒரே ஷாஃப்ட் ஐந்து நீளங்களில் ஓடுகிறது, ஐந்து புரோகிராம்கள். நீளத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஒன்றே போதும் என்பது அவர் கணக்கு. லினக்ஸ்சிஎன்சியில் ஓடிவிட்டது. ஆனால் அங்கே நிபந்தனைகளை எழுதும் முறை வேறு, ஃபானக்கில் வேறு. குழுவில் கேட்டிருக்கிறார். ஒருவர் ‘வைல்’ போட்டு எழுதச் சொல்கிறார். இன்னொருவரோ, மேக்ரோ தனியாகக் காசு கொடுத்து வாங்கும் வசதி, உங்கள் மெஷினில் அது இருக்கிறதா என்று முதலில் பார் என்கிறார்.