அங்கேயே இருக்கட்டும் என்றவருக்கு

அன்புள்ள மினர்வா ஹாய்ட் அம்மையாருக்கு,

நீங்கள் மறைந்தது 1945இல். நானும் என் வீட்டுக்காரரும் பிறந்ததே அதற்குப் பிறகுதான். நாகர்கோவிலில் வளர்ந்து, வேலைக்காகக் கலிஃபோர்னியா வந்து, லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் செரிட்டோஸில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இருவருக்கும் வாய்த்த நல்ல பொழுதுகளில் பெரும்பங்கு, நீங்கள் போராடிக் காப்பாற்றிய ஜோஷுவா மரப் பூங்காவில்தான் கழிந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

உங்கள் கதை உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பியில் பிறந்து, மருத்துவர் ஒருவரை மணந்து, தென் பாசடீனாவில் ஊரே பேசும்படி தோட்டம் போட்டு வாழ்ந்தவர் நீங்கள். கைக்குழந்தை ஒன்றைப் பறிகொடுத்தீர்கள். 1918இல் கணவரும் போய்விட்டார். அந்தத் துக்கத்தோடு நீங்கள் போய் நின்ற இடம் பாலைவனம். வெட்டவெளியில் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்து, அங்கேதான் மனம் தேறினீர்கள் என்று படித்திருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் நகரவாசிகள் மோட்டார் காரில் பாலைவனத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். வீட்டு முற்றத்தில் கள்ளி வைப்பது லாஸ் ஏஞ்சல்ஸில் அன்றைய நாகரிகம். வண்டி வண்டியாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கள்ளிகள் அடர்ந்து கிடந்த ‘டெவில்ஸ் கார்டன்’ மொட்டையாகிப் போனது. ஜோஷுவா மரங்களை இரவில் கொளுத்தியும் விட்டார்கள். நீங்களும் தோட்டக்காரிதான். பிடித்த செடியைக் கண்டால் ஒரு கிளையாவது ஒடித்து வந்து நட்டுப் பார்க்கத் தோன்றும் கை உங்களுக்கும் இருந்திருக்கும், எனக்கும் உண்டு. அப்படிப்பட்ட நீங்கள், இது அங்கேயே இருக்கட்டும், வேண்டியவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தீர்கள். என்னை அசைத்தது அந்த முடிவுதான்.

சொன்னதோடு நிற்கவும் இல்லை. பாலைவனம் என்றால் வெறும் பொட்டல் என்று நினைத்திருந்தவர்களுக்கு நியூயார்க், பாஸ்டன், லண்டன் வரை கண்காட்சி கொண்டுபோய்க் காட்டினீர்கள். 1930இல் பாலைவனங்களைக் காப்பதற்கென்றே சர்வதேசக் கழகம் ஒன்றைத் தொடங்கினீர்கள். 1934இல் பார்வையிட வந்த அரசு அதிகாரி, நீங்கள் கேட்டதில் சிறு பகுதி போதும் என்று எழுதிவிட்டுப் போனபோதும் நீங்கள் சளைக்கவில்லை. 1936 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பாதுகாப்பு அறிவிப்பில் கையெழுத்திட்டபோது கிடைத்தது 8,25,000 ஏக்கர். உங்களுக்குப் பிறகு 1950இல் சுரங்கக்காரர்களுக்காக அதில் ஒரு பெரும் துண்டை வெட்டி எடுத்தார்கள். 1994இல் தேசியப் பூங்காவாக்கியபோது நிறைய நிலம் திரும்ப வந்து சேர்ந்தது. இன்றைக்குப் பூங்கா ஏறக்குறைய நீங்கள் கேட்டு வாங்கிய அளவுக்கே வந்துவிட்டது. இதை உங்களுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு நிறைவு.

நாங்கள் போவது குளிர்காலத்திலும் வசந்தத்திலும். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும், எங்கள் வயதுக்கு ஆகாது. விடியுமுன் புளியோதரை கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு 10ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்புவோம். சான் கோர்கோனியோ கணவாயை நெருங்கும்போது இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். முதல்முறை அதைக் கண்டதும் என் வீட்டுக்காரர் காரை மெதுவாக்கி, “ஏட்டி, இது நம்ம ஆரல்வாய்மொழில்லா!” என்று கத்திவிட்டார். அங்கே, எங்கள் ஊர்ப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் முப்பந்தலுக்குக் காற்று பாய்வதுபோல, இங்கே கடலோரத்துக் குளிர்காற்று இரண்டு மலைகளுக்கு நடுவே புகுந்து சூடான பாலைவனத்துக்குள் ஓடுகிறது. அன்றிலிருந்து அந்தக் கணவாய் வந்தால் எங்களுக்கு ஊர்ப்பேச்சுதான்.

பூங்காவுக்குள் கடை கிடையாது, பெரும்பாலும் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது, வழியில் தண்ணீரும் கிடையாது. ஓரத்தில் உள்ள சில இடங்களில் மட்டும் குழாய் இருக்கும், அங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். இதைக் குறையாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் கொடை. இவர் முப்பது வருடத்துக்கு மேல் ஷிஃப்டில் வேலை பார்த்தவர். நான் வீட்டுக்கு வரும்போது இவர் கிளம்பிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்தும் அடுப்படியில் சீட்டு எழுதி வைத்துப் பேசிக்கொண்ட காலம் அது. உட்கார்ந்து பேசத் தொடங்கியதே இந்தப் பூங்காவின் பாறை நிழலில்தான். பாலை என்றால் பிரிவு என்றே எங்கள் பழைய இலக்கியம் படித்தவர்கள் மனத்தில் பதிந்திருக்கும். பொருள் தேடப் போகும் தலைவன் அந்தப் பாலைச் சுரத்தைக் கடந்து போவான், தலைவி வீட்டில் காத்திருப்பாள். பொருள் தேடும் வேலையெல்லாம் முடிந்தபின், இருவரும் சேர்ந்து அந்தச் சுரத்துக்குள் போகிறோம். துணையை இழந்து தனியே அங்கே போன நீங்கள் காத்து வைத்ததால்தான் எங்களுக்கு இது கிடைத்தது. அதை நினைக்காமல் ஒருமுறைகூட அந்த வாசலைக் கடந்ததில்லை.

ஜோஷுவா மரத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் கடற்கரைத் தாழையைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு கிளை நுனியிலும் கத்திகத்தியாய் இலைக் கொத்து வைத்தால் ஏறக்குறைய அந்த மரம். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். உள்ளே வளையங்கள் இல்லை, அதனால் வெட்டி எண்ணி வயது சொல்லவும் முடியாது. ஒரு மார்ச் மாதம் தாழ்வான கிளை ஒன்றில் பூங்கொத்து கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வந்திருந்தது. வெள்ளையும் இளம்பச்சையும் கலந்த தடித்த இதழ்கள், மெழுகு தடவியதுபோல் இருந்தன. முகர்ந்தால் மல்லிகையும் இல்லை தாழம்பூவும் இல்லை, காளான் வாசனை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஓர் அந்துப்பூச்சி. இந்த மரத்துக்கு மகரந்தம் சேர்ப்பது அந்தப் பூச்சி மட்டும்தான். பூவில் தேன் இல்லை, பூச்சியும் தேன் தேடி வருவதில்லை. வாயருகே உள்ள உறுப்பால் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கிக்கொண்டு, சூலகத்தில் முட்டையிட்டபின், தானே போய்ச் சூல்முடியில் அதைத் தடவுகிறது. பிறக்கும் புழுக்கள் விதைகளில் கொஞ்சம் தின்னும், மிச்சம் மரத்துக்கு. பக்கத்தில் நின்ற ரேஞ்சர் பெண் பொறுமையாக இதை விளக்கினார். இவர் மூன்று முறை திரும்பக் கேட்டார், மூன்று முறையும் அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. அவருக்கும் இந்த மடலில் என் நன்றி.

அதே ரேஞ்சர் சொன்ன இன்னொரு தகவல்தான் எங்களை நகரத்துக்கு அனுப்பியது. இந்த மரத்தின் கனிகளை ஒரு காலத்தில் ஷாஸ்தா ஸ்லாத் என்ற மிருகம் தின்று, விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. இன்று மரத்தில் தொங்கும் ஸ்லாத்தின் இனம்தான், ஆனால் கரடியளவில் தரையில் நடந்தது. நெவாடாக் குகை ஒன்றில் கிடைத்த அதன் பழஞ்சாணத்தில் ஜோஷுவா மரத்தின் விதைகள் இருந்தனவாம். பனியூழியின் முடிவில் அந்த மிருகம் அழிந்துவிட்டது. இப்போது விதையைச் சுமப்பது அணிலும் எலியும்தான், அவை எவ்வளவு தூரம் போய்விடும்? பூமி சூடேற சூடேற மரம் குளிர்ந்த இடம் தேடி நகர வேண்டும், நகர்த்துவதற்கு ஆள் இல்லை.

அந்த வாரமே லாஸ் ஏஞ்சல்ஸின் நடுவில் இருக்கும் லா பிரேயா தார்க் குட்டைகளுக்குப் போனோம். இரண்டு பக்கமும் பேருந்து ஓடும் வில்ஷயர் சாலை, ஓரத்தில் கரும் குட்டை, அதில் இன்றைக்கும் குமிழி விட்டுக்கொண்டு எழும் வாயு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தத் தாரில் சிக்கி மடிந்த ஓநாய், யானை, ஸ்லாத் எலும்புகளை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஸ்லாத்தின் நீண்ட நகங்களுக்கு முன்னால் இவர் வெகுநேரம் நின்றார். பாலைவனத்தில் பாதி படித்த பாடத்தின் மீதியை நகரத்தில் படித்தோம். அன்றிலிருந்து எங்கள் நகர உலாக்களும் உங்கள் பூங்காவோடு சேர்ந்தவைதான்.

கிரிஃபித் வானாய்வகத்துக்கும் அப்படித்தான் போகிறோம். 1935இல் திறந்த நாள் முதல் அனுமதி இலவசம். வரிசையில் நின்று 12 அங்குலத் தொலைநோக்கியில் சனி கிரகத்தின் வளையத்தை நான் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். கிரிஃபித் உங்கள் காலத்து மனிதர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகரத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தவர், 1903இல் சொந்த மனைவியைத் துப்பாக்கியால் சுட்டு இரண்டாண்டு சிறையிலும் இருந்தவர். அந்த அம்மாள் கிறிஸ்டினா பிழைத்துக்கொண்டார், ஒரு கண் போய்விட்டது. கொடை கொடைதான், ஏழை பாழை எல்லாரும் வானம் பார்க்கட்டும் என்று நினைத்தாரே என்பார் இவர். எனக்கு மனம் வரவில்லை. வானாய்வகத்தின் மாடியில் நிற்கும்போதெல்லாம் நான் நினைப்பது கிறிஸ்டினா அம்மாளை. அங்கே கதவைத் திறந்துவைத்து, கூட்டத்துக்குச் சலிக்காமல் விளக்கம் சொல்லும் ஊழியர்களுக்கு என் நன்றி, கட்டப் பணம் விட்டுச்சென்ற கிரிஃபித்துக்கு இல்லை.

அந்த மாடியிலிருந்து பார்த்தால் கீழே நகர விளக்குகள் கடல்போல் கிடக்கும், மேலே நட்சத்திரங்களை விரல் விட்டு எண்ணலாம். வானத்தைப் பார்க்க மறுபடியும் உங்களிடம்தான் வர வேண்டும். 2017இல் உங்கள் பூங்காவை இருள்வானப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். நீங்கள் படுத்துப் பார்த்த அதே பால்வீதியை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாங்களும் பார்க்கிறோம்.

உங்களுக்கும் முன்னால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இந்த நிலத்தின் பூர்வகுடிகளான செரானோ, செமஹுவெவி, கஹுவியா மக்கள். பூங்காவில் உள்ள ஃபார்ட்டி நைன் பாம்ஸ் சோலைக்கு மலையேறிப் போனபோது அதை உணர்ந்தேன். பாறைப் பிளவில் ஊறும் நீரை நம்பி நிற்கிற விசிறிப் பனைகள், காய்ந்த ஓலையைப் பாவாடைபோல் தரை வரை உடுத்தி நிற்கும். கலிஃபோர்னியாவின் சொந்தப் பனை இது ஒன்றுதான். கஹுவியா மக்கள் இதன் பழத்தைத் தின்றார்கள், ஓலையால் கூரை வேய்ந்தார்கள். பனங்காட்டில் பிறந்த இவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு, பதநீர் இறக்கிய தன் தாத்தாவைப் பற்றி அதுவரை எனக்குச் சொல்லாத கதைகளைச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு, புருஷனைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒரு பெண்ணுக்கு இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறீர்கள், அம்மா.

ஒரு கவலையையும் உங்களிடம் மறைக்க முடியாது. 2020 ஆகஸ்டில் வடக்கே மொஹாவி காப்பகத்தில் பரவிய தீயில் சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்கள் கருகின. வெளியிலிருந்து வந்து பரவிய புல் உலர்ந்து நின்று தீயைச் செடிக்குச் செடி கடத்துகிறது. அங்கே தன்னார்வலர்கள் கன்றுகளை நட்டு, ஒட்டகங்கள் முதுகில் தண்ணீர் சுமக்கப் பாடுபட்டார்கள். நாங்களும் முடிந்ததைச் செய்கிறோம். அறுபத்திரண்டு வயது முடிந்தவர்களுக்கு 80 டாலரில் ஆயுளுக்கும் செல்லும் அனுமதிச்சீட்டு ஒன்று உண்டு, இவர் வாங்கிவிட்டார். நுழைவுக் கட்டணம் மிச்சமாகும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பணத்தைப் பூங்காவின் நன்கொடைப் பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

இந்தக் குளிர்காலத்தில் நல்ல உறைபனி விழுந்திருக்கிறது, மழையும் பருவத்தில் பெய்தது. மார்ச்சில் ஜோஷுவா மரங்கள் பூக்கும் என்கிறார்கள். பேத்திக்கு அப்போது பள்ளி விடுமுறை. அந்துப்பூச்சி கதையை அவளுக்கு யார் சொல்வது என்று எங்களுக்குள் இப்போதே போட்டி நடக்கிறது. யார் சொன்னாலும், முதலில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம்.


செரிட்டோஸிலிருந்து ஒரு நாகர்கோவில்காரி, தன் வீட்டுக்காரரோடு சேர்ந்து