ஜிபிஎஸ் எடுக்காத மின்சாரக் கார்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது ஒரு மின்சாரக் கார். அதன் திரையிலோ, கார் வங்காள விரிகுடாவுக்குள் நிற்கிறது. பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு வேடிக்கை, ஓட்டுபவருக்குக் கவலை. இருக்கிற சார்ஜில் ஊர் போய்ச் சேரலாமா, அடுத்த சார்ஜர் எத்தனை கிலோமீட்டரில் என்ற கணக்கெல்லாம் கார் இப்போது எங்கே இருக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. சில மாடல்களில் சார்ஜருக்கு வழி போட்டுவிட்டால், போய்ச் சேர்வதற்குள் பேட்டரியைத் தகுந்த வெப்பநிலைக்குக் காரே கொண்டுவந்துவிடும். இடம் தப்பினால் அதுவும் தப்பும். பெட்ரோல் காரில் மேப் போனால் டீக்கடையில் வழி கேட்டுக்கொள்ளலாம். மின்சாரக் காரில் மேப்போடு சார்ஜ் கணக்கும் சேர்ந்து போகிறது.

சர்வீஸ் சென்டரில் கிடைத்த முதல் பதில், "ஜிபிஎஸ் யூனிட்டையே மாத்திடணும் சார்." நண்பர்கள் சொன்னது வேறு: "கரன்ட் வண்டி இல்லையா, மோட்டார் சிக்னலைக் கெடுக்குது."

இரண்டாவது கருத்து பரவலானது. அதில் பாதி உண்மையும் உண்டு. பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்ற, இன்வெர்ட்டர் நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த இரைச்சல் ஏஎம் வானொலியைக் கெடுக்கும். அதனால்தான் சில நிறுவனங்கள் மின்சாரக் கார்களிலிருந்து ஏஎம் வானொலியையே எடுத்துவிட்டன. ஆனால் ஏஎம் ஒலிபரப்பு நடப்பது 1 மெகாஹெர்ட்ஸ் அளவில். ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், ஆயிரம் மடங்குக்கும் மேலே. இன்வெர்ட்டரின் இரைச்சல் அந்த உயரத்துக்கு வருவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே ஷோரூமில் கொடுத்தபோது சரியாக இருந்த கார் பிறகு இடம் தப்பினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டாரை அல்ல, பிறகு காருக்குள் வந்து சேர்ந்த பொருட்களைத்தான்.

சேர்ந்த பொருள் சின்னதாக இருந்தாலே போதும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சிக்னல் தரைக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சுகிறது? ஒரு வாட்டை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி ஒரு கோடியாகப் பிரித்தால் என்ன வருமோ, ஏறக்குறைய அவ்வளவு. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து ஒருவர் காதோடு பேசுவதைக் கேட்பது போன்ற வேலையைத்தான் காரின் ஆன்டெனா நாள் முழுக்கச் செய்கிறது. கணக்கும் நுட்பமானது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தை அளந்துதான் இடம் கண்டுபிடிக்கப்படுகிறது. அதில் ஒரு மைக்ரோநொடி பிசகினால் 300 மீட்டர் தவறிவிடும்.

அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலைக் காரின் உரிமையாளர் யூனிட்டை மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கவனித்த ஒரு விஷயம் முக்கியமானது. போனைத் தனியாக வைத்தால் மேப் சரியாகக் காட்டியது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் காரோடு இணைத்தால் தப்பியது. காரில் ஜிபிஎஸ் இருந்தால் ஆண்ட்ராய்டு ஆட்டோ அதிலிருந்தே இடத்தை எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் பலர் மேப் செயலியைக் குறை சொல்கிறார்கள். ஆக, குறை காரின் பக்கம்தான் என்பது உறுதியாகிவிட்டது.

பிறகு அவர் திறந்த மைதானத்தில் காரை நிறுத்தி, ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலியைப் போனில் திறந்தார். ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் வலுவையும் அது எண்ணாகக் காட்டும். போனை டேஷ்போர்டின் மேல், கார் ஆன்டெனா இருக்கும் இடத்துக்கு நேராக வைத்தார். எண்கள் 20களில் கிடந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த டேஷ்கேமின் அடாப்டரை 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து பிடுங்கியதும் 40ஐத் தொட்டன. மறுபடி செருகினார், மறுபடி இறங்கின. டேஷ்கேமும் அதன் மலிவான அடாப்டரும் கக்கிய இரைச்சல், ஆன்டெனாவை ஒட்டிப் போன வயர் வழியாக அதற்குள் புகுந்திருந்தது. தரமான அடாப்டர் வாங்கி, வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, எதிர்ப்பக்கத் தூண் வழியாகக் கொண்டுபோனதும் கார் சாலைக்குத் திரும்பிவிட்டது. காரின் ஒரு பாகத்தையும் மாற்றவில்லை.

இப்படி வண்டிக்குள் வைத்த கையடக்கக் கருவி ஒன்று விமான நிலையத்தையே தொந்தரவு செய்த கதையும் உண்டு. அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையம் அருகே, தான் எங்கே போகிறோம் என்பது முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று ஓர் ஓட்டுநர் வண்டியில் ஜிபிஎஸ் சிக்னலைத் தடுக்கும் ஜாமர் வைத்திருந்தார். விமானங்களைத் தரையிறக்க அங்கே சோதித்துவந்த அமைப்பை அது குழப்பியது. 2013இல் அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்க அதிகாரிகள் முன்மொழிந்தார்கள்.

டேஷ்கேம் இல்லாத கார்களில் வேறு காரணங்கள் இருக்கலாம். வெயிலுக்குப் பயந்து ஒட்டும் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம், டேஷ்போர்டுக்குள் ஆன்டெனா இருக்கும் கார்களில் சிக்னலை மறைத்துவிடும். கூரையில் ஷார்க் ஃபின் ஆன்டெனா இருந்தால் அதன் வயர் இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஜிபிஎஸ்ஸுக்கான இணைப்பு வழக்கமாக நீல நிறத்தில் இருக்கும். மின்சாரக் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, வண்டி அடித்தளப் பார்க்கிங்கில் நாள்கணக்கில் நின்றிருந்தாலோ ஜிபிஎஸ்ஸின் பழைய தகவல் அழிந்தோ காலாவதியாகியோ இருக்கலாம். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணை இறங்க மட்டுமே 12.5 நிமிடம் ஆகும். திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரம் நிறுத்திவைத்தாலே சரியாகிவிடும் வண்டிகள் உண்டு.

இவை எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமைதான் தேவை. சர்வீஸ் சென்டர்களில் அரிதாகிவருவதும் அதுதான். கார் நிறுவனங்களும் ஓர் உதவி செய்யலாம். எத்தனை செயற்கைக்கோள்கள் தெரிகின்றன, சிக்னல் என்ன வலுவில் வருகிறது என்று காட்டும் ஒரு பக்கத்தைக் காரின் திரையிலேயே வைக்கலாம். போனில் இலவசமாகக் கிடைப்பதை, பல லட்ச ரூபாய் காரில் எதிர்பார்ப்பது அதிகமில்லை. அது வரும்வரை, யூனிட் மாற்றுவதற்கான எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன் டேஷ்கேமைக் கழற்றி, திறந்த வெளியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.