குறியிடமும் கம்பியில்லாக் குரலும்

திருவிழாக் காணச் செல்வார் யாவரும் அறிந்த அச்சம் ஒன்று உண்டு. உடன் வந்தாரைக் கூட்டத்துள் இழந்து, பல்லாயிரம் முகங்களிடையே தம்மவர் முகத்தைத் தேடி நிற்றலே அது. கைப்பேசி வந்தபின் இவ்வச்சம் ஒழிந்தது எனப் பலர் கருதினர். ஆயின், அலைக்கோபுரம் ஒன்று ஒரே வேளையில் தாங்கவல்ல பேச்சுகளுக்கு ஓர் அளவு உண்டு. சுற்றூர் மக்களெல்லாம் ஒரு வீதியிலே திரளும் மாலைப்பொழுதில், எத்துணை முறை அழைத்தாலும் மறுமொழி கிடைப்பது அரிது.

இக்குறை நீக்க வாக்கி-டாக்கி என்னும் இருவழிப் பேசியை நாடுவார் உளர். அது கோபுரம் எதனையும் வேண்டாது, ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு நேரே அலையைச் செலுத்துவது. 1937இல் கனடா நாட்டு டொனால்டு ஹிங்ஸ் என்பார் இத்தகைய கருவி ஒன்றை ஆக்கினார். இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர் கைகளில் இவ்வினம் பரவியது. நம் நாட்டிலோ, 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இத்தகைய கருவிகளை உரிமமின்றி வைத்திருத்தலையே தடுத்தது. 2018ஆம் ஆண்டின் விதிகள், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்சு வரையுள்ள சிறு பகுதியைக் குறைந்த ஆற்றலுடைய கருவிகட்கு உரிமமின்றியே திறந்துவிட்டன. எம் சிவகிரி நண்பன் ஒருவனின் மாமா, மலையடித் தோப்பின் காவலுக்கென அவ்வகைக் கருவி இரண்டு வைத்திருந்தார். அவற்றை இரவல் பெற்று யாம் மூவர் சென்ற ஆடித்திங்களில் சங்கரன்கோவில் ஆடித்தபசு விழாவிற்குச் சென்றோம்.

அரியும் அரனும் ஓருருவாய் நிற்கும் காட்சியை வேண்டிக் கோமதியம்மை தவமிருந்த கதையை நினைவூட்டும் விழா அது. உழவர் தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் தவசங்களையும் மிளகாய் வற்றலையும் வாரி இறைத்துச் சூறையிடுவர். அதனை அருகிருந்து காணும் விருப்பினால் நண்பன் ஒரு கருவியுடன் முன்னே சென்றான். மற்றைக் கருவியும் அவனுடைய மருந்துப்பையும் எம் இருவரிடம் இருந்தன. அவன் இளைப்பு நோயுடையவன்.

சிறிது பொழுதில் கருவி ஒலித்தது. மிதிபட்ட வற்றலின் நெடி அவன் நெஞ்சைப் பற்றியிருந்தது. "எங்கே நிற்கிறாய்?" என்றோம். "இங்கேதான், பந்தலுக்குப் பக்கத்தில்" என்றான். பந்தல்களோ எண்ணில. மீண்டும் வினவ, இருமலே விடையாயிற்று.

தமிழ் பயில்வார் இவ்விடத்து ஒன்று எண்ணுதல் தகும். அ, இ, உ என்னும் மூன்றையும் தொல்காப்பியர் சுட்டு என்றார். சுட்டுச்சொல் பொருள் தருவதற்குச் சொல்வானும் கேட்பானும் ஒரே களத்தில் நிற்றல் வேண்டும். கம்பியில்லாக் குரல் காதுக்கு வருகின்றது, களம் உடன் வருவதில்லை. ஆதலின் 'இங்கே' என்னும் சொல் வழியிலேயே தன் பொருளை இழந்துவிடுகின்றது. யாழ்ப்பாணத்தார் கேட்பான் நிற்கும் இடத்தை 'உங்கே' என இன்றும் வழங்குவர். அவ்வழகிய சொல்லும், அவ்விடம் எதுவென அறியாதவிடத்து எமக்கு உதவியிராது.

நிற்க. மூச்சு வாங்குபவனைப் பேசச் சொல்லுதல் கொடுமை. ஆகவே, "பேசாதே. ஆமெனில் பொத்தானை ஒருமுறை அழுத்து, அன்றெனில் இருமுறை அழுத்து" என்றோம். பேசாது அழுத்தினும் மறுபுறத்தே 'கறக்' என்னும் சிற்றொலி எழும். "சாயும் கதிரவனை நோக்கி நில். கோயில் வலப்புறமா?" ஒருமுறை ஒலித்தது. ஆகவே அவன் நிற்பது தெற்கு வீதி. "இராசகோபுரம் உனக்குப் பின்னே உள்ளதா?" ஒருமுறை ஒலித்தது, அடுத்த நொடியில் மேலும் இருமுறை ஒலித்தது.

எம் உள்ளம் திடுக்கிட்டது. அகப்பொருள் நூல்கள் கூறும் அல்லகுறி எமக்கு நினைவுக்கு வந்தது. தலைவன் வரவை உணர்த்தப் புள்ளெழுப்புதல் போன்ற ஒலிகளைக் குறியாக வைத்திருப்ப, அவ்வொலி வேறொன்றால் எழ, தலைவி சென்று ஏமாறி மீளுதலே அல்லகுறிப்படுதல். உரிமம் வேண்டா அலைவரிசை எல்லார்க்கும் பொது. அயலார் எவரேனும் அதே வரிசையில் பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஆதலின் வினாவை மாற்றி, "கோபுரம் உனக்கு முன்னே உள்ளதா?" என்று வினவினோம். ஒருமுறை ஒலித்தது. மறுபடியும் கேட்டோம். மறுபடியும் ஒருமுறையே ஒலித்தது. மேற்கு நோக்கி நிற்பவனுக்குக் கீழைக்கோபுரம் முன்னே தெரியுமாயின், அவன் அதற்கும் கிழக்கே, தெற்கு வீதியின் தொடக்கத்தில் நிற்கின்றான் என்பது தெளிவு.

விரைந்தோம். மக்கள் உடல்கள் அலையை உண்பன. கருவியைத் தலைக்குமேல் உயர்த்துங்கால் ஒலி தெளிவடையும் என்பதை ஓடும்போதே கண்டோம். "உன் கருவியையும் உயர்த்திப் பிடி" என்றோம். அதனால் இரு பயன் விளைந்தது. ஒலியும் தெளிந்தது, தலைகளுக்கு மேலே அவன் கையும் தெரிந்தது. அவன் ஒரு மூடிய கடையின் படியில் ஏறி நின்றிருந்தான். இன்ஹேலர் மருந்தை இருமுறை உள்ளிழுத்தபின், அவன் முதலில் உரைத்த சொல், "காட்சி முடிந்துவிட்டதா?" என்பதே. முடியவில்லை. மூவரும் அப்படியிலேயே நின்று கண்டோம்.

இப்பேசிகளை வாங்க விழையும் மாணாக்கர்க்கு யாம் உரைப்பது இதுவே. அரசின் ஒப்புதல் பெற்ற கருவியாய்ப் பார்த்து வாங்குக. இருவர் ஒருங்கே பொத்தானை அழுத்தின் ஒருவர் குரலும் தெளிவாய்க் கேளாது. ஆதலின் ஒருவர் உரைக்க மற்றவர் பொறுத்துக் கேட்கும் பழக்கம் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, கூட்டத்துள் நுழையுமுன்னரே பெயருடைய ஓர் இடத்தைக் குறியிடமாக அமைத்துக்கொள்க. இரவுக்குறியும் பகற்குறியும் வகுத்த முன்னோர் கருவி ஏதுமின்றியே இதனை அறிந்திருந்தனர். மருந்து உண்பவர் எவரேனும் உடன் வரின், மருந்துப்பை அவர் தோளிலேயே இருக்கட்டும்.